பசை இல்லாமல் பிடி போடும் ஊர்: ஜப்பானின் சக்காய் நகரத்தில் ஒரு கத்திப் பயணம்

ஒசாகாவின் தென்னோஜி பகுதியிலிருந்து தெற்கே ஒரு டிராம் ஓடுகிறது. ஹன்காய் டிராம். ஒற்றைப் பெட்டி, மர ஜன்னல், நிறுத்தத்துக்கு நிறுத்தம் 'டிங் டிங்' மணி. 1928-ல் தயாரான பெட்டிகளில் சில இன்னும் இந்தத் தடத்தில் ஓடுகின்றன. வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசுவதுபோலப் போய், யமாட்டோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சக்காய் நகரம் வந்துவிடும்.

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் ஒசாகாவிலேயே நின்றுவிடுவார்கள். சக்காய் வரை வருகிறவர்களில் பலருக்கு ஒரே நோக்கம்தான்: கத்தி.

ஜப்பானில் தொழில்முறைச் சமையல்காரர்கள் பயன்படுத்தும் கத்திகளில் பத்துக்கு ஒன்பது இங்கே தயாராகிறது என்பது ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கணக்கு. கடைக்குள் நுழைந்ததும் எல்லோர் கண்ணும் போவது அலகின் பளபளப்புக்கு. ஆனால் சக்காய் கத்தியின் சூட்சுமத்தில் பாதி, யாரும் கவனிக்காத மரப்பிடியில் இருக்கிறது. அந்தப் பிடி எந்த மரம், எதனால் பிடித்து நிற்கிறது என்று பார்த்தால் ஆச்சரியம்தான். மரம் மிகச் சாதாரணமானது. பசையோ, பழைய முறைப்படி அங்கே வேலையே இல்லாத பொருள்!

கல்லறை முதல் சைக்கிள் வரை

இரும்பு வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல. சக்காயின் நடுவில் நின்டோகு பேரரசருடையது என்று சொல்லப்படும் கல்லறை மேடு இருக்கிறது. 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நீளம் 486 மீட்டர். சுற்றிலும் அகழி, உள்ளே அடர்ந்த மரங்கள். மேலிருந்து பார்த்தால் சாவித்துவாரம் போன்ற வடிவம். 2019-ல் யுனெஸ்கோ இதையும் சுற்றியுள்ள மற்ற கல்லறை மேடுகளையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவு மண்ணை வெட்டிக் குவிக்கக் கருவிகள் வேண்டும், கருவிகளுக்குக் கொல்லர்கள் வேண்டும். ஊரின் இரும்புத் தொழிலை இங்கிருந்துதான் தொடங்கிச் சொல்கிறார்கள்.

16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் வந்தார்கள். அவர்களோடு துப்பாக்கியும் புகையிலையும் வந்தன. துறைமுக நகரமான சக்காய் இரண்டையும் பிடித்துக்கொண்டது. துப்பாக்கிக் குழாய் செய்தது. புகையிலையை நூல் நூலாக நறுக்கும் கத்தியும் செய்தது. எடோ கால அரசு சக்காயின் புகையிலைக் கத்திகளுக்குத் தனி முத்திரையே கொடுத்தது. அந்தக் கைத்திறன் பிறகு சமையல் கத்திகளுக்கு வந்தது. உலோக வேலை தெரிந்த கைகள் இருந்ததால் 20-ம் நூற்றாண்டில் சைக்கிள் தொழிலும் இங்கே வளர்ந்தது. நம் ஊர் கியர் சைக்கிள்களில் பெயர் பார்த்திருப்பீர்களே, ஷிமானோ! அந்த நிறுவனம் 1921-ல் தொடங்கியது இந்த ஊரில்தான்.

சக்காயின் கத்தித் தொழிலை 1982-ல் ஜப்பான் அரசு 'மரபுக் கைவினை' என்று அங்கீகரித்தது.

ஒரு கத்தி, மூன்று பட்டறை

இங்கே ஒருவரே கத்தியை முழுதாகச் செய்வது வழக்கமில்லை. ஒரு பட்டறையில் இரும்பையும் எஃகையும் சேர்த்துக் காய்ச்சி அடிப்பார்கள். அடுத்த பட்டறை சாணை பிடித்துக் கூர் ஏற்றும். மூன்றாவது இடத்தில் பிடி பொருத்துவார்கள். பிடியைச் செய்வதற்கென்றே தனியாக ஆட்கள் உண்டு. ஒவ்வொருவரும் வாழ்நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்து கை தேர்ந்தவர்கள்.

அடிப்பவருக்கும் சாணை பிடிப்பவருக்கும்தான் பேரும் புகழும். பிடிக்காரரின் பெயர் கத்தியில் எங்கும் இருக்காது. ஆனால் சமையல்காரரின் கை நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருப்பது அவர் வேலையைத்தான்.

செண்பகத்தின் சொந்தக்காரர்

சக்காய் கத்திகளின் வழக்கமான பிடி 'ஹோ' என்ற மரத்தில் செய்யப்படுகிறது. இது மக்னோலியா இனம். நம் ஊர் செண்பகமும் அதே இனம்தான், இரண்டும் பங்காளிகள்.

பார்க்க ஒன்றும் விசேஷமாக இருக்காது. வெளிறிய நிறம், லேசான பச்சைச் சாயல், வார்னிஷ் கிடையாது. 'இவ்வளவு விலைக் கத்திக்கு இந்த மரமா?' என்று தோன்றும். தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், எடை. ஹோ மரம் லேசானது. பிடி லேசாக இருந்தால் கத்தியின் பாரம் அலகுப் பக்கம் நிற்கும். மீனை மெல்லிய துண்டுகளாக இழுத்து வெட்டும்போது அலகின் பாரமே பாதி வேலையைச் செய்துவிடும்.

இரண்டாவது, ஈரம். மீன் வெட்டும் கை எப்போதும் நனைந்திருக்கும். மெருகு போட்ட மரம் ஈரத்தில் வழுக்கும். மெருகில்லாத ஹோ மரம் கையைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, இரும்போடு ஒத்துப்போகும் குணம். பிசின் குறைவான மரம் இது. ஜப்பானிய வாள்களின் உறையையும் இதே மரத்தில்தான் செய்வார்கள். பல தலைமுறையாக வாளைத் துருப்பிடிக்காமல் வைத்திருந்த மரம் என்றால் சமையல் கத்திக்கு வேறு சான்று எதற்கு?

நான்காவது காரணத்தைக் கடைக்காரர்கள் விளம்பரத்தில் போடமாட்டார்கள். அது மலிவான மரம், மென்மையான மரம். தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். அலகு பல பத்தாண்டுகள் உழைக்கும். பிடி அதற்கு முன்பே போய்விடும் என்று தெரிந்தே போடப்படும் மரம் இது.

கருங்காலியில் எட்டுப் பட்டைப் பிடி போட்ட கத்திகளும் விற்கின்றன. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் பாரம் கைப்பக்கம் நகர்ந்துவிடும். சிலருக்கு அதுவே பிடிக்கும். கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

எருமைக் கொம்புப் பூண்

மரப்பிடியின் வாய்ப்பகுதியில் கறுப்பாக ஒரு வளையம் தெரியும். உலக்கைக்குப் பூண் போடுவோமே, அதே வேலைதான் இதற்கும். இங்கே இரும்புக்குப் பதில் எருமைக் கொம்பு. இரும்புப் பட்டையை மரத்துக்குள் அடித்து இறக்கும்போது பிடி பிளந்துவிடாமல் இந்தப் பூண் காக்கிறது.

கொம்பைச் சூடாக்கினால் கொஞ்சம் இளகும். அப்போது மரத்தின் மேல் ஏற்றிவிட்டால் ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். துருப்பிடிக்காது. பிறகு மரத்தையும் கொம்பையும் ஒன்றாகவே இழைத்துவிடலாம். இரண்டும் சேரும் இடத்தை விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியக் கூடாது. தெரிந்தால் அது சுமாரான வேலை.

குறையும் உண்டு. கொம்பு ஈரத்தில் உப்பும், வறண்டால் சுருங்கும். ஏசி அறையிலோ அடுப்புப் பக்கத்திலோ கிடந்தால் கீறல் விடலாம். இதனாலும் விலையாலும் மலிவான கத்திகளில் பிளாஸ்டிக் பூண் வந்துவிட்டது. வேலைக்கு அதுவும் மோசமில்லை.

புகை கிளம்பும் ஒரு நிமிடம்

பிடிக்குள் நுழையும் அலகின் பின்பகுதி ஒல்லியாக, வால்போல இருக்கும். பிடியில் முன்பே ஒரு துளை போட்டிருப்பார்கள். துளை வாலைவிடச் சற்றுச் சிறியது. இங்கேதான் வித்தை.

அலகின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு வாலை மட்டும் தீயில் காட்டிச் சிவக்க வைப்பார்கள். ஈரத்துணி எதற்கு? சூடு அலகுக்கு ஏறினால், பாடுபட்டு ஏற்றிய பதம் இறங்கிவிடும். சிவந்த வாலைத் துளைக்குள் நுழைத்ததும் குபுக்கென்று புகை வரும். மரம் உள்ளே கருகி, அந்த வாலின் வடிவத்துக்கே வழிவிடும். அச்சுக் குத்தியதுபோல அந்தக் கத்திக்கு மட்டுமான துளை தயார்.

பிறகு அலகு கீழே தொங்கும்படி பிடியைக் கையில் பிடித்துக்கொண்டு, பிடியின் அடிப்பக்கத்தில் மரச்சுத்தியலால் தட்டுவார்கள். கீழே தொங்கும் அலகு ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்குள் மேலேறும். பார்ப்பவருக்குக் கண்கட்டு வித்தை போல இருக்கும். எந்தப் பொருளும் இருக்கும் இடத்திலேயே இருக்கப் பார்க்கும் என்ற பள்ளிக்கூட இயற்பியல்தான் இது. நடுநடுவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு அலகும் பிடியும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கோணலாக இருந்தால் அங்கேயே திருத்துவார்கள்.

ஆணி இல்லை, திருகு இல்லை, பசை இல்லை. இறுக்கம் மட்டுமே.

கெட்டியாக ஒட்டினால் என்ன கெட்டுப்போகும்?

ஜப்பானில் பசைக்குப் பஞ்சமா என்ன? தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை இருந்தது, மர அரக்கு இருந்தது. இருந்தும் ஆயுதத் தொழிலில் இதே சிந்தனையைத்தான் பார்க்க முடிகிறது. வாளின் பிடியை ஒரே ஒரு மூங்கில் ஆணிதான் தாங்கும். அதைத் தட்டி எடுத்தால் பிடி தனியே வந்துவிடும். வாள் உறையின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவது வெறும் சோற்றுப் பசை! பட்டம் ஒட்டச் சோற்றுப் பருக்கையைத் தேய்ப்போமே, அதே சங்கதி. உறைக்குள் துரு சேர்ந்தால் மரம் உடையாமல் ஒட்டு மட்டும் பிரியும். சுத்தம் செய்து மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். எந்த இடம் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்கள்.

சக்காய் கத்தியும் அப்படித்தான். பூணுக்கு முன்னால் ஒரு கட்டையை வைத்துப் பின்னோக்கித் தட்டினால் பிடி கழன்றுவிடும். புதுப் பிடியைச் சூடு வைத்து ஏற்றினால் கத்தி மறுபடி வேலைக்குத் தயார். சாணை பிடித்துப் பிடித்து அலகு பாதியாக ஒல்லியான பிறகும், மூன்றாவதோ நான்காவதோ பிடியோடு உழைக்கும் கத்திகள் உண்டு.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அலகு நன்றாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் பிடி விரிசல் விட்டிருக்கும். இரண்டு நாள் துணி சுற்றி ஓட்டுவோம். பிறகு கத்தியே குப்பைக்குப் போகும். அங்கே தீர்ந்துபோனது பிடி மட்டும்தான்.

பசைக்கும் ஒரு நியாயம் உண்டு

இறுக்கத்தை மட்டும் நம்பும் முறைக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. பூணின் வாயில் இருக்கும் மெல்லிய இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். வால் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் பிடி உள்ளிருந்தே வெடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாமல், ஒருநாள் பூசணிக்காய் வெட்டும்போது கையோடு பிடி மட்டும் வந்தால் ஆபத்து. அதனால் இன்று பலர் அந்த வாயை மட்டும் மெழுகாலோ பிசினாலோ அடைத்துவிடுகிறார்கள்.

மேலைநாட்டுப் பாணிக் கத்திகளின் கதை வேறு. அவற்றில் இரும்புப் பட்டை பிடியின் கடைசி வரை ஓடும். இருபக்கமும் இரண்டு மரத்துண்டுகளை வைத்து ரிவிட் அடித்திருப்பார்கள். இங்கே மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே துளி இடைவெளியும் இருக்கக் கூடாது. எபாக்சி பசைக்கு இதுதான் சரியான இடம். பாரத்தை ரிவிட் தாங்கும். தண்ணீரை எபாக்சி தடுக்கும்.

வீட்டில் பழைய கத்திக்குப் புதுப்பிடி போட நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

• ஒட்டும் முன் இரும்பையும் மரத்தையும் சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வழவழப்பான பரப்பில் எந்தப் பசையும் நிற்காது.

• தேக்கு, ஈட்டி போன்றவை எண்ணெய்ப் பசை உள்ள மரங்கள். ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் துடைக்காவிட்டால் சில மாதங்களில் விட்டுவிடும்.

• எபாக்சியின் இரண்டு டியூப்களையும் சொன்ன அளவில் கலக்க வேண்டும். ஒன்றைக் கூடுதலாக ஊற்றினால் வேகமாக இறுகும் என்பது தப்பு, இறுகாமலே போகலாம். 5 நிமிட ரகத்தைவிட மெதுவாக இறுகும் ரகம் நல்லது. ஒருநாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள்.

• கிளாம்ப் போட்டு நெருக்கிவிடக் கூடாது. பசை முழுவதும் வெளியே வழிந்து, நடுவில் ஒட்ட ஒன்றுமே இருக்காது.

• ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசைகள் அதிர்ச்சி தாங்காது. சிறு கீறலை அடைக்கப் போதும்; பிடியையே அதை நம்பி விடாதீர்கள்.

• மர வேலைக்கான வெள்ளைப் பசை மரத்தோடு மரத்தை ஒட்டத்தான். இரும்பைப் பிடிக்காது.

• வேலை முழுக்க அலகின் மேல் அட்டையும் டேப்பும் சுற்றியிருக்கட்டும். கொம்போ மரமோ இழைக்கும்போது முகக்கவசம் அவசியம்.

எந்தப் பசையாக இருந்தாலும் மரப்பிடிக் கத்தியைக் கொதிக்கும் தண்ணீரில் போடக் கூடாது, பாத்திரம் கழுவும் மெஷினில் போடவே கூடாது. சூட்டில் எபாக்சியும் பலம் இழக்கும்; மரம் உப்பிச் சுருங்கி மிச்ச வேலையை முடித்துவிடும்.

அரக்கு மாளிகையும் அரிவாள் பிடியும்

சக்காயின் முறை தமிழ்நாட்டுக்கு அந்நியமானதல்ல. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். அரிவாளுக்கோ உளிக்கோ வாலைக் காய்ச்சி மரப்பிடிக்குள் இறக்கிப் பூண் மாட்டுவது நம் கொல்லர்களும் அறிந்த வேலை. பிடி ஆடினால் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். யாரும் அரிவாளைத் தூக்கி எறிவதில்லை.

மண்வெட்டிக் காம்பு ஆடினால் ராத்திரி தண்ணீரில் போட்டு வைப்பதும் உண்டு. மரம் உப்பி இறுகிக்கொள்ளும். ஆனால் காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். ஆப்பு அடிப்பதுதான் நிரந்தர வைத்தியம்.

பசை வேண்டும் என்றால் இந்தியாவுக்கென்று ஒன்று இருந்தது: அரக்கு. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். உலகில் அரக்கு அதிகம் விளையும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதிலும் ஜார்க்கண்ட் முன்னணியில் இருக்கிறது. நேபாளத்து குக்ரி கத்திகளின் பிடியைப் பொருத்துவதும் இதே அரக்குப் பசைதான். சூடாக்கினால் உருகும், ஆறினால் கல்லாகும், மறுபடி சூடாக்கினால் மறுபடி உருகும். பாண்டவர்களைக் கொல்ல அரக்கு மாளிகை கட்டிய கதையில் அதன் எதிரியாக வந்த குணம், கத்திப் பிடிக்குள் உதவியாக மாறிவிடுகிறது. பிடி உடைந்தால் சூடு காட்டிக் கழற்றிவிடலாம். சக்காயில் இறுக்கம் செய்யும் வேலையை இங்கே அரக்கு செய்கிறது.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

சக்காயின் மரபுக் கைவினை அருங்காட்சியகம் மியோகோகுஜி டிராம் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அது அமைந்திருக்கும் தெருவின் பெயர் ஜைமோகு-சோ, அதாவது மரக்கடைத் தெரு. உள்ளே கத்திகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. மீனை இழைக்கும் நீண்ட யனகிபா, மீன் தலையை வெட்டும் தடித்த தேபா, காய்கறிக்கான உசுபா என்று வகை வகையாக வைத்திருக்கிறார்கள், வாங்கவும் செய்யலாம். பல கடைகளில் வாங்குபவரின் பெயரை அலகில் உளியால் வெட்டித் தருவார்கள். நம் ஊர் எவர்சில்வர் பாத்திரக் கடைகள் ஞாபகம் வரும்.

வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பிடியைக் கழற்றி மாற்ற முடியுமா? இந்த ஊரிலேயே மாற்றித் தருவார்களா? பிடி வலக்கைக்கா, இடக்கைக்கா? மூன்றாவது கேள்வி முக்கியம். ஒரு பக்கம் கூராகத் துருத்தி நிற்கும் பிடிகள் வலக்கைக்காரர்களுக்காகச் செய்தவை. அலகிலும் ஒரு பக்கம்தான் கூர் என்பதால், இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் இரண்டு கேள்விகளின் பின்னால் ஒரு தொழிலின் எதிர்காலமே இருக்கிறது. பிடி மாற்ற ஆள் வரும் வரைதான் பிடி மாற்றும் பட்டறை இருக்கும். கண்ணாடி போன்ற பிசின் பிடி, வண்ண வண்ண மரப்பிடி என்று கழற்றவே முடியாமல் ஒட்டிய கத்திகள் படத்தில் எடுப்பாகத் தெரிகின்றன. அவற்றை மட்டுமே எல்லோரும் வாங்கினால், பெயர் தெரியாத அந்தப் பிடிக்காரரிடம் திரும்பி வர யாருக்கும் காரணம் இருக்காது. அவர் வேலையை விட்டுவிட்டால், ஏற்கெனவே விற்ற கத்திகளுக்கும் சேர்த்துத்தான் ஆயுள் குறையும்.

போகிறவர்களுக்கு

கான்சாய் விமான நிலையத்துக்கும் ஒசாகாவின் நம்பா நிலையத்துக்கும் நடுவே ஓடும் நான்காய் ரயில் சக்காய் வழியாகவே போகிறது. டிராமில் வருவது மெதுவானாலும் ஊரைப் பார்த்துக்கொண்டே வரலாம். நகராட்சிக் கட்டடத்தின் 21-வது மாடியிலிருந்து கல்லறை மேட்டை இலவசமாகப் பார்க்கலாம். பச்சைக் குன்றாகத் தெரியும், சாவித்துவார வடிவம் முழுதாகப் பிடிபடாது.

வாங்கிய கத்தியைக் கடைக்காரர் கட்டித் தந்த பெட்டியைப் பிரிக்காமலே தங்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியைத் தகுந்த காரணமில்லாமல் கையில் எடுத்துச் செல்வது ஜப்பானில் குற்றம். விமானத்தில் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கத்திக்குத் தேவை அதிகமில்லை. வேலை முடிந்ததும் கழுவி, அலகோடு பிடியையும் பூண் வாயையும் துடைத்து, காற்றாட வைத்தால் போதும். சில மாதங்களில் வெளிறிய ஹோ மரம் உங்கள் கைபட்டு நிறம் மாறத் தொடங்கும். அது அழுக்கில்லை, பிடி உங்கள் கைக்குப் பழகுகிறது. என்றாவது ஆட ஆரம்பித்தால் துணி சுற்ற வேண்டாம். பக்கத்தில் எந்தக் கொல்லுப் பட்டறையிலாவது இன்னும் உலை எரிகிறதா என்று விசாரியுங்கள்.